ஆறு என்றால் வழி

முதுகலை முதலாண்டு வகுப்பில் அகநானூற்றுப் பாலைப் பாடல்களை நடத்தும்போது வருடந்தோறும் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். தலைவன் பொருள் தேடிப் போய்விட்டான். தலைவி வீட்டில் இருக்கிறாள். அவன் கடந்து போகிற சுரத்தை அவளும் தோழியும் பேசுகிறார்கள். மரப்பட்டையை உரித்துப் பிடிக்கு ஊட்டுகிற யானை, இரை தேடும் செந்நாய், நீர் வற்றிய சுனை, இலையுதிர்த்து நிழலில்லாமல் நிற்கிற மரம் என்று எல்லாம் பேச்சில் வருகின்றன. வாசலைத் தாண்டாத பெண்களுக்கு இவ்வளவும் எப்படித் தெரியும்?

இதற்கு என்னிடம் தயாராக ஒரு விடை உண்டு. இது புலனெறி வழக்கம், கவிமரபு, புலவர்கள் பாத்திரங்களின் வாயில் வைத்துச் சொல்வது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து சொன்னாள்: "அவ விறகுக்குப் போயிருப்பா மேம்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஏனென்றால் நான் விறகுச் சுமை தூக்கிய ஒருத்தியின் பேத்தி.

எங்களுக்கு மம்சாபுரத்துப் பக்கம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மலையை ஒட்டிய ஊர்க்காடு. எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை சுவர்போல நிற்கும். என் அம்மாச்சி கருக்கலில் எழுந்து, கஞ்சி ஊற்றிய தூக்குவாளி, அரிவாள், கயிறு இவற்றோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூட்டத்தில் செண்பகத்தோப்புக்குப் போவாள். பொழுது சாயும்போது தலையில் ஆள் நீளத்துக்கு ஒரு சுமையோடு திரும்புவாள். மறுநாள் அது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும். தெருத்தெருவாக வீட்டு வாசல்களிலும், ஓட்டல்களிலும், பால்கோவா கிண்டுகிற அடுப்புகளிலும் இறங்கும். அந்தப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. பாலைப் பற்றியும் பக்குவத்தைப் பற்றியும் பத்திரிகைகள் எழுதின. விறகு எங்கிருந்து வந்தது என்று யாரும் எழுதவில்லை.

அம்மா அந்த மலைக்குப் போனதே இல்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினாள். சின்ன வயதில் ஒருமுறை அம்மாச்சி போய்வந்த அந்த மலைக்கு நானும் போகிறேன் என்று அடம் பிடித்தேன். அம்மா முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "பொம்பளப் புள்ளைக்குக் காட்டுல என்ன சோலி?" என்றாள். அம்மாச்சியும் பொம்பளைதானே என்று கேட்கிற வாய் எனக்கு அப்போது இருந்தது. கேட்டதற்கு இன்னொன்று விழுந்தது.

அப்படியாக, பாலைத் திணையில் பட்டம் வாங்கி, கால் நூற்றாண்டு அதையே படித்தும் கற்பித்தும் வந்த நான், பாலையாகத் திரிகிற நிலம் ஒன்று என் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருந்தும் அதைப் பார்க்காமலே நாற்பத்து மூன்று வயதுக்கு வந்திருந்தேன். அந்த மாணவி சொன்னதற்குப் பிறகு வந்த பங்குனியில்தான் முதன்முதலாகச் செண்பகத்தோப்புக்குப் போனேன்.

பாலைவனம் என்றதும் நம் மனதில் ராஜஸ்தானத்து மணல்மேடு வருகிறது. மலையிடுக்கு என்றால் காலண்டரில் பார்த்த அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் வருகிறது. கொலராடோ ஆறு அறுத்துப் போட்ட 446 கிலோமீட்டர் நீளப் பள்ளம் அது. சங்கக் கவிதை சொல்லும் பாலை வேறு. தொல்காப்பியம் மற்ற நான்கு நிலங்களுக்கும் தெய்வத்தைச் சொல்லிவிட்டுப் பாலைக்கு நிலமும் சொல்லவில்லை, தெய்வமும் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை விளக்குகிறது. அதாவது பாலை என்பது ஓர் இடத்துக்கு நேர்கிற கதி.

செண்பகத்தோப்பில் அதைக் கண்ணால் பார்க்கலாம். இது மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, இங்கே காற்றாக மட்டும் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை வந்தால்தான் ஓடைகளில் தண்ணீர். மழைக்குப் பின் மூன்று நான்கு மாதம் இது குறிஞ்சி. மாமரமும் புளியும் நாவலும் நீர்மருதும் ஓடைக்கரையில் குடைபிடிக்கும். மாசி முடியும்போது சரிவுகள் சாம்பல் நிறமாகின்றன. மரங்கள் இலை உதிர்த்துவிட்டுக் கொம்பு கொம்பாக நிற்கின்றன. ஓடை இருந்த இடத்தில் வெளுத்த பாறைகளும் மணலும் மட்டும் இருக்கும். இருபக்கமும் கரும்பாறை எழும்பி, வானம் ஒரு கீற்றாகத் தெரியும் இடங்கள் உண்டு. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மூத்த பாறைகள். வருடத்தில் சில வாரமே ஓடுகிற தண்ணீர் அவற்றை அறுத்திருக்கிறது. நடுப்பகலில் அந்த இடுக்கில் நின்றால் கல்லின் சூடு கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் அடிக்கும். பாலைக்குப் பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அன்றுதான் அது உடம்புக்குத் தெரிந்தது.

அந்த வெக்கையிலும் தலைக்கு மேலே அசைவிருந்தது. ஓடைக்கரைப் புளியமரத்தில் ஒரு சாம்பல் நிற அணில், தன் உடம்பளவு நீண்ட வாலைத் தொங்கவிட்டுக் காய் கடித்துக்கொண்டிருந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத உயிர் அது. அதற்காகவே 1988இல் இந்தக் காடு சரணாலயமானது. 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. யானை, செந்நாய், உச்சிப் பாறைகளில் வரையாடு என்று பாடல்களில் படித்தவை பலவும் இன்றும் இங்கே இருக்கின்றன.

என்னைக் கூட்டிப்போனவர் அங்குள்ள பளியர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு மூத்த பெண். காலில் செருப்பில்லை. நான் கல் கல்லாகப் பார்த்துத் தாண்டிக்கொண்டிருந்தேன். அவர் மணலிலேயே காலை வைத்து என்னைவிட வேகமாகப் போனார். "பாதை எங்கே இருக்கு பாட்டி?" என்று கேட்டேன். "ஆத்துலதான் தாயி போறோம், அதுதான் பாதை" என்றார்.

எனக்கு நடை நின்றுவிட்டது. பழந்தமிழில் ஆறு என்றால் வழி. ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துவது. நீரோடுகிற ஆறும் நடக்கிற ஆறும் ஒரே சொல்லாக இருப்பதற்கு வேர்ச்சொல் விளக்கங்கள் படித்திருக்கிறேன். வறண்ட மலைநாட்டில் தண்ணீர் ஓடிய தடத்தில்தான் மனிதர் நடக்க முடியும் என்ற எளிய விஷயம் அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. முள்ளில்லாத இடம் அது ஒன்றுதான். சரிவு மெதுவாக ஏறும் இடமும் அதுதான்.

சற்று மேலே போனதும் ஓடை இரண்டாகப் பிரிந்தது. இப்படிப் பிரிகிற வழிக்குச் சங்கப் பாடல்களில் கவலை என்று பெயர். இன்று அந்தச் சொல்லுக்கு நமக்குத் தெரிந்த பொருள் ஒன்றே. கிளைவழியில் எது சரியான வழி என்று தெரியாமல் நிற்பவளுக்கு இரண்டு பொருளும் ஒன்றுதான். பாட்டி ஒரு கணமும் நிற்காமல் இடப்பக்கம் திரும்பினார். "வலது பக்கம் போனா என்ன?" என்றேன். "அங்க யானை இறங்குற தடம். அந்தக் காலத்துல வெறவுக்கு வர்ற பொம்பளைகளும் இந்தப் பக்கந்தான் போவாங்க" என்றார். அந்தப் பொம்பளைகளில் என் அம்மாச்சியும் இருந்தாள் என்று சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "எங்காளுக சுமை ஏத்திவிடுவோம். ஒத்தையாளா அம்புட்டையும் தலைக்கு ஏத்த முடியாதுல்ல" என்றார்.

இடுக்கின் நிழலில் ஒரு வளைவு வந்தது. அவர் மணலைக் கையாலேயே தோண்டினார். முழங்கை ஆழம் போனதும் மணல் கறுத்தது. இன்னும் ஒரு சாண். தண்ணீர் ஊறி நின்றது. முதல் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளியக் காத்திருந்து, தேக்கிலை ஒன்றை மடித்து மொண்டு கொடுத்தார். பாலைப் பாடல்களில் கூவல் என்ற சொல் வரும். வறண்ட நிலத்தில் தோண்டிய குழிக்கிணறு. உரையில் பொருள் பார்த்து வைத்திருந்த சொல்லை அன்று குடித்தேன். சுமையோடு திரும்புகிற பெண்கள் இந்த வளைவில்தான் தண்ணீர் குடிப்பார்களாம். சுமையைக் கீழே இறக்கினால் மறுபடி ஏற்ற ஆள் வேண்டும் என்பதால் தலையில் சுமையோடே பாறை விளிம்பில் சாய்ந்து நிற்பார்கள். ஒருத்தி மட்டும் இறக்கி வைத்துவிட்டு எல்லாருக்கும் வாயில் ஊற்றிவிடுவாள். அந்தப் பாறை இடுப்பு உயரத்துக்கு வழவழப்பாக இருந்தது. தண்ணீர் தேய்த்ததா, முதுகுகள் தேய்த்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

அதன்பிறகு பலமுறை போயிருக்கிறேன். ஓர் ஐப்பசி மதியம் அதே வளைவில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு மேல் வெயில்தான். மலை முகட்டில் மட்டும் மேகம் கறுத்திருந்தது. பாட்டி திடீரென்று எழுந்து என் கையைப் பிடித்து இழுத்தார். கரைமேட்டில் ஏறி நின்ற கொஞ்ச நேரத்தில் முதலில் சருகு வந்தது. நுரையோடு உருண்டு வந்தது. அதன் பின்னால் செம்மண் தண்ணீர், பாறைகளை மறைத்துக்கொண்டு. நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் காணாமல் போயிற்று. எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "குருவிச் சத்தம் நின்னுச்சுல்ல" என்றார். இந்த அறிவுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அனுபவம். இதையே ஒரு பட்டதாரி ஆண் எழுதினால் சூழலியல் என்கிறோம்.

பாலை ஆண்களின் நிலம் என்றே எனக்குக் கற்பிக்கப்பட்டது. அவன் போகிறான், அவள் இருக்கிறாள். அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் கொண்ட 200ம் பாலைதான். பாதி நூல் இந்த வறண்ட வழியைப் பற்றியது. அவற்றை வேறு கண்ணோடு மறுபடி படித்தால், அந்த வழியில் பெண்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். உடன்போக்கில் போகிற மகள். அவளைத் தேடிப் போகிற செவிலி. வெள்ளிவீதியார் என்ற புலவர் தானே தேடிப் புறப்பட்டவர் என்பதை இன்னொரு பெண் புலவரான ஔவையார் அகநானூற்றின் 147ஆம் பாடலில் குறிப்பிடுகிறார். அவளைப்போல நானும் போய்விடலாமா என்று ஒரு தலைவி யோசிக்கிற பாட்டு அது. ஒருத்தி நடந்தாள் என்ற செய்தி இன்னொருத்திக்கு வழியாகிறது. எங்கள் ஊர் ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் பன்னிரண்டாம் திருமொழியில், யமுனைக்கரை, கோவர்த்தனம், துவாரகை என்று இடம் இடமாகச் சொல்லி, என்னைக் கொண்டுபோய்ச் சேருங்கள் என்று கேட்கிறாள். பெற்றவர்களை விட்டுத் தனியே போனாள் என்ற பேச்சு கிளம்பும் என்பதையும் அவளே சொல்கிறாள். மார்கழியில் முப்பது பாட்டையும் ஒப்பிக்கச் சொல்லித் தருகிற வீடுகளில் இந்தப் பத்தையும் யாராவது சொல்லித் தருகிறார்களா தெரியவில்லை. கண்ணகியும் மதுரையை எரித்தபின் வைகைக் கரையோடு மேற்கே, தன்னந்தனியாக, மலையேறினாள். அந்த வைகை பிறக்கிற வருசநாட்டு மலைகள், செண்பகத்தோப்பு முகட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

இவர்களுக்கெல்லாம் பாட்டு இருக்கிறது. சுமை தூக்கியவர்களுக்கு இல்லை. மேரி ஆஸ்டின் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1903இல் கலிபோர்னியாவின் வறண்ட நாட்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஓர் அத்தியாயம் முழுக்கக் கூடை முடைகிற ஒரு பையூட் பழங்குடிப் பெண்ணைப் பற்றியது. வறண்ட நிலத்தில் பிழைக்கத் தெரிந்தவள் என்று அவளை எழுதுகிறார். அதைப் படித்தபோது பொறாமையாக இருந்தது. எங்கள் மலையின் வரலாறாக எழுதப்பட்டிருப்பவை சட்டங்களும் அறிவிப்புகளும். 1882இல் வெள்ளையர் கொண்டுவந்த சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகள் ஆக்கியது. காய்ந்த கொம்பு பொறுக்குவதும் அனுமதி இல்லையென்றால் குற்றம் என்றானது. பாலையில் வழிப்போக்கரை மறித்துப் பறிப்பவர்களை ஆறலை கள்வர் என்பார்கள். அம்மாச்சியின் வழியில் கள்வர் என்ற பெயர் நடந்தவர்களுக்கே வந்து சேர்ந்தது.

இதை நான் தெரிந்துகொண்டது நூலகத்தில் அல்ல, எங்கள் வீட்டு அடுப்படியில். ஒருநாள் செண்பகத்தோப்பிலிருந்து திரும்பி, ஊற்றுத் தண்ணீர் குடித்ததை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வளைவுப் பாறைக்குப் பக்கத்துலயா?" என்றாள்.

அங்கே போகாத அம்மாவுக்கு அந்தப் பாறை தெரிந்திருந்தது. "அம்மாச்சி ஏம்மா திடீர்னு நிறுத்துனாங்க? வயசாயிருச்சுன்னா?" என்றேன்.

"அவ எங்க நிறுத்துனா? நிறுத்த வச்சாங்க."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஒரு சாயங்காலம் சுமையோடு இறங்கும்போது மறித்திருக்கிறார்கள். சுமையை இறக்கச் சொல்லி, அரிவாளைப் பிடுங்கி, பெண்களை இருட்டும்வரை உட்கார வைத்திருக்கிறார்கள். மடியில் சந்தனம் இருக்கிறதா பார்க்கவேண்டும் என்று சேலையை உதறச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாச்சி வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. மறித்தவர்கள் யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. மூன்றாம் நாள் கயிற்றைச் சுருட்டிப் பரணில் போட்டாள். "அப்ப நீ வயித்துல இருந்த. பொறக்குறது பொம்பளப் புள்ளயா இருந்தா அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க விடக்கூடாதுன்னு அன்னைக்கே நெனச்சுக்கிட்டேன்" என்றாள் அம்மா.

என் முதுகில் விழுந்த அடிக்கு நாற்பது வருடமாக நான் வேறு காரணம் வைத்திருந்தேன். அடக்க ஒடுக்கம், ஊர் என்ன சொல்லும், சாதிப் பெருமை என்று கட்டுரைகளில்கூட எழுதியிருக்கிறேன். அம்மாவைக் கட்டுப்பெட்டி என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அவளுடைய பயம் மரபிலிருந்து வரவில்லை. ஒரு சாயங்காலத்திலிருந்து வந்தது. பெண்களின் வீட்டடைப்பைப் பற்றிப் பேசும்போது, கதவைச் சாத்திய அம்மாக்களை முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கதவுக்கு வெளியே அவர்களுக்கோ அவர்களுடைய அம்மாக்களுக்கோ என்ன நடந்தது என்று கேட்பதில்லை.

சரணாலயம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. இப்படி ஒரு காவல் இல்லாவிட்டால் அந்தச் சாம்பல் அணிலை நான் பார்த்திருக்க மாட்டேன். ஆத்துக்குள் நுழைந்து மது பாட்டில்களை உடைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் இன்னும் கட்டுப்பாடு வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பளியர்களைப் போலக் காட்டிலேயே வாழ்கிறவர்களுக்கு உரிமை என்று ஒன்றைத் தாளிலாவது எழுதியிருக்கிறது. அடிவாரத்திலிருந்து நடந்து வந்து நடந்து போனவர்களுக்கு எந்தத் தாளிலும் இடமில்லை. அவர்கள் காட்டுக்குச் செய்தது நன்மையா தீமையா என்ற கணக்கைக்கூட யாரும் போட்டுப் பார்க்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்த வழிகள் அவர்களோடு போகின்றன.

போன ஆண்டு மாணவிகளைச் செண்பகத்தோப்புக்குக் களப்பயணம் கூட்டிப்போக ஏற்பாடு செய்தேன். முறையான அனுமதிகள், வாகனம், எல்லாம் தயார். கடைசி நேரத்தில் நிர்வாகம் மறுத்தது. பெண்பிள்ளைகள், காடு, பாதுகாப்பு. அதே மாதம் மாணவர்கள் வேறொரு மலைக்குப் போய்வந்தார்கள். நான் சண்டை போட்டேன். பலிக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வர விருப்பமுள்ளவர்கள் அவரவர் அம்மாவையோ பாட்டியையோ கூட்டிக்கொண்டு ராக்காச்சி அம்மன் கோயிலுக்கு வாருங்கள் என்று சொன்னேன். சாமி கும்பிடப் போவதை யார் தடுப்பார்கள்? கோயில் செண்பகத்தோப்பில், ஓடைப் பக்கம்தான் இருக்கிறது.

ஒன்பது மாணவிகள் வந்தார்கள். அவர்களோடு பதினோரு அம்மாக்கள், பாட்டிகள். என் அம்மாவும் வந்தாள். எழுபது வயதில், முதல்முறையாக. ஆட்டோவிலிருந்து இறங்கியதிலிருந்து என் கையை விடவே இல்லை. கொண்டுபோன புளிச்சோற்றை ஓடைப் பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டபோது, பாலைப் பாடல் ஒன்றை நான் வாசித்துப் பொருள் சொன்னேன். மாணவிகள் குறிப்பெடுத்தார்கள். அம்மாக்கள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்கள். பாட்டில் வந்த மரத்தைச் சொன்னதும் ஒரு பாட்டி, "அது நின்னு எரியும், புகையாது" என்றாள். இன்னொருத்தி, "பச்சையா வெட்டுனா பாரம்" என்றாள். அடுத்து அரைமணி நேரம் வகுப்பை அவர்கள்தான் நடத்தினார்கள்.

கடைசி பெஞ்சு மாணவி இப்போது ஆய்வு மாணவி. அவளும் வந்திருந்தாள், தன் பாட்டியோடு. சும்மாடு எப்படிக் கட்டுவது என்று யாரோ கேட்டார்கள். பாட்டி முந்தானையை எடுப்பதற்குள் என் அம்மா என் கையை விட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை முறுக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, அந்தப் பிள்ளையின் தலையில் வைத்தாள். ஒருநாளும் சுமை தூக்காதவள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

"எங்கம்மாவுக்கு விடிகாலையில நாந்தானே கட்டிக் குடுப்பேன்" என்றாள்.